மருநிலத்து முல்லை: மார்வார்ப் பிஷ்ணோயி ஊர்களின் வரலாறு பற்றிய ஓர் ஆய்வு

முன்னுரை

இராஜஸ்தான் மாநிலத்தின் மேற்குப் பகுதியில் உள்ள மணல்வெளிச் சிற்றூர்களைக் காணக் குளிர்காலந்தோறும் பல நாட்டு மக்கள் வருகின்றனர். ஜோத்பூர் நகரினின்று புறப்பட்டு, ஒரு மணிப்பொழுதிற்குள் குடா பிஷ்ணோயியான், கேஜர்லி முதலிய ஊர்களை அவர்கள் அடைகின்றனர். அவர்கள் காண விழைவன இரண்டு. ஒன்று, ஊர்ப்புறங்களில் அச்சமின்றி மேயும் மானினமும் குளிர்காலத்து வரும் பறவையினமும் ஆம். மற்றொன்று, வட்டக் குடிசையும் சாணம் மெழுகிய முற்றமும் மரபு மாறா உடையும் உடைய மக்களின் வாழ்வு ஆகும். வழிகாட்டு ஏடுகள் இவ்விரண்டனையும் இருவேறு காட்சிகளாகவே எழுதுகின்றன. காலையில் விலங்கு, பிற்பகலில் பண்பாடு என்பது அவ்வேடுகளின் பகுப்பு.

இப்பகுப்பு வரலாற்றிற்குப் பொருந்துவதன்று. அவ்வூர்களில் மான் மேய்வதற்குக் காரணம் அம்மக்கள் வாழும் நெறி. அந்நெறி தோன்றியதற்குக் காரணம் அந்நிலத்தின் வறட்சி. ஆகவே விலங்கும் பண்பாடும் அங்கே ஒரே பொருளின் இரு முகங்களாம். இதனை வரலாற்றுச் சான்றுகளைக் கொண்டு விளக்குதலும், தமிழ்த் திணைக் கோட்பாட்டின் துணையால் அந்நிலத்தை எவ்வாறு அறியலாம் என ஆராய்தலும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிலமும் பெயரும்

மரு என்பது வடமொழியில் நீரற்ற நிலத்தைக் குறிக்கும் சொல். மார்வார் என்னும் நாட்டுப் பெயர் அதன் அடியாகப் பிறந்தது. ஜோத்பூர்ப் பகுதியில் ஆண்டு மழை ஏறத்தாழ 350 மில்லிமீட்டர் ஆகும். மேற்கே செல்லச் செல்ல அவ்வளவும் குறைந்துகொண்டே போகும். பெய்யும் மழையுள் பெரும்பகுதி கார்காலத்துச் சில நாள்களிலேயே பெய்து ஓயும். சில ஆண்டுகளில் அதுவும் பொய்த்துவிடும். 1899, 1900 ஆம் ஆண்டுகளில் நேர்ந்த பெரும்பஞ்சம், விக்கிரம ஆண்டு 1956 இல் தொடங்கியமையால், ஐம்பத்தாறாம் ஆண்டுப் பஞ்சம் என்னும் பொருளில் 'சப்பனியா அகால்' என இன்றும் அந்நாட்டு மக்களால் நினைக்கப்படுகின்றது.

இத்தகைய நிலத்தைத் தமிழில் 'பாலைவனம்' என்றே வழங்குகின்றோம். இவ்வழக்குக் கருதிப் பார்த்தற்குரியது. தொல்காப்பியர் பாலைக்கெனத் தனி நிலம் கூறவில்லை. முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் இயல்பு திரிந்த நிலையே பாலை என்பது சிலப்பதிகாரக் காடுகாண் காதை உணர்த்தும் கருத்தாகும். எனவே பாலை என்பது நிலத்தின் பெயர் என்பதினும் நிலைமையின் பெயர் என்பதே பொருந்தும். அந்நிலைமைக்கு ஒரு நிலம் வரவும் கூடும். வாராது காக்கப்படவும் கூடும்.

மார்வார்ச் சிற்றூர்களின் கருப்பொருள்களை நோக்கின், அவை முல்லைக் கருப்பொருள்களையே பெரிதும் ஒத்துள்ளன. மக்கள் தொழில் ஆனிரையும் ஆடும் மேய்த்தலும், கார்மழையை நம்பிப் புன்செய் விதைத்தலும் ஆகும். முதன்மையான உணவு கம்பு. விலங்கு மான். அங்கு மேயும் மானினங்களுள் தலையாயது, நம் சங்கப் பாடல்கள் இரலை எனப் போற்றும் முறுக்கிய கொம்புடைய மானேயாகும். மரபியலில் தொல்காப்பியர் ஆண்பாற் பெயர்களுள் ஒன்றாக இரலையை எண்ணினார். கோடியக்கரையிலும் சென்னைக் கிண்டியிலும் இன்றும் அம்மானைக் காணலாம். அங்குள்ள மரங்களுள் தலையாயது கேஜரி. அதுவே நம் வன்னி. திருமுதுகுன்றமாகிய விருத்தாசலத்தில் தலமரமாக நிற்பதும், பாண்டவர் கரந்துறை வாழ்வின்போது தம் படைக்கலங்களை மறைத்து வைத்ததாகப் பாரதம் கூறுவதும் இம்மரமே.

பிகானேர்ப் பகுதிக்கு ஜாங்கலநாடு என்னும் பழம்பெயர் உண்டு. வடமொழி மருத்துவ நூல்களில் ஜாங்கலம் என்பது அடர்ந்த காட்டைக் குறிப்பதன்று. மழை குறைந்து, முள்மரங்கள் இடைவிட்டு நிற்க, மான்கள் திரியும் வறண்ட வெளியைக் குறிப்பதாகும். இவற்றை நோக்க, மேலைநாட்டார் 'டெசர்ட்' என்றும் நாம் பாலைவனம் என்றும் கூறும் இடம், உள்ளவாறு நோக்கின், பாலையின் விளிம்பில் நிற்கும் முல்லையே என்பது புலனாகும். ஆயின் ஈண்டு ஓர் எச்சரிக்கை வேண்டும். ஒப்புமை வேறு, வரலாற்றுத் தொடர்பு வேறு. மரமும் மானும் இரு நாட்டிற்கும் பொதுவாதல் உண்மை. அதுகொண்டு மக்கள் வழக்கங்களுக்கு ஒரே மூலம் கற்பித்தல் ஆராய்ச்சி நெறியன்று.

ஜாம்போஜியும் இருபத்தொன்பது நெறிகளும்

பிஷ்ணோயி நெறியின் ஆசிரியர் ஜாம்போஜி எனப்படும் குரு ஜம்பேசுவரர். இவர் 1451 ஆம் ஆண்டு நாகௌர்ப் பகுதியைச் சேர்ந்த பீபாசர் என்னும் ஊரில் இராசபுத்திரக் குடியில் தோன்றினார். இளமையில் ஆனிரை மேய்த்தார். இவர்தம் காலம் அந்நாட்டில் அரசுகள் எழுந்த காலமாகும். ராவ் ஜோதா 1459 இல் ஜோத்பூரை நிறுவினார். அவர் மகன் ராவ் பீகா 1488 இல் பிகானேரை நிறுவினார். கோட்டைகளும் நகரங்களும் எழுந்த அதே தலைமுறையில், கடும் வறட்சியால் ஊர்கள் பல வெறுமையுற்றன. மக்கள் மரங்களை வெட்டி விற்றும் விலங்குகளைக் கொன்று தின்றும் உயிர் பிழைக்க முயன்றனர் என்றும், பின்னர் அவையும் இல்லையாகவே நிலம் விட்டு அகன்றனர் என்றும் அம்மரபு கூறுகின்றது.

இவ்வறட்சியின் பின் 1485 இல், பிகானேர்ப் பகுதியில் உள்ள சம்ராதல் என்னும் மணற்குன்றின்மேல் ஜாம்போஜி தம் நெறியைத் தொடங்கினார். அந்நெறியின் விதிகள் இருபத்தொன்பது. அந்நாட்டு மொழியில் பீஸ் என்பது இருபது. நௌ என்பது ஒன்பது. பிஷ்ணோயி என்னும் பெயர் இவ்வெண்களின் சேர்க்கை என்பர். விஷ்ணுவை வழிபடுவோர் என்னும் பொருளில் வந்தது என்பாரும் உளர். அவ்வழிபாடு அவர்க்குரியதே ஆதலின் இரண்டாவது கருத்தும் தள்ளத்தக்கதன்று. முல்லைக்குத் தெய்வம் மாயோன் என்னும் நம் மரபு ஈண்டுக் கற்பார் நினைவிற்கு வருதல் இயல்பு. ஆயின் முன்னர்க் கூறிய எச்சரிக்கை இதற்கும் உரியது.

விதிகளுள் சில தூய்மை பற்றியன. சில ஒழுக்கம் பற்றியன. சில வழிபாடு பற்றியன. உயிர்களிடத்து இரக்கம் காட்டுதல், பச்சை மரத்தை வெட்டாமை, ஊன் உண்ணாமை, எருதிற்குக் காயடியாமை, நீரை வடித்தே பருகுதல், விறகில் சிற்றுயிர் உளவோ என ஆராய்ந்தே எரித்தல் ஆகியன நம் ஆராய்ச்சிக்குரியன. கள், அபின், புகையிலை ஆகியவற்றை விலக்குதலும், நீலச் சாயமிட்ட ஆடை உடுத்தாமையும், மகப்பேற்றிற்குப் பின் தாய்க்கு முப்பது நாள் தனிமையும் ஓய்வும் அளித்தலும் இவற்றோடு எண்ணப்படும்.

இவை அனைத்தும் வெறும் அருள் அறமாக மட்டும் கூறப்பட்டன அல்ல. வன்னியின் வேர் மிக ஆழச் செல்வது, மேல்நீரைப் பயிரோடு போட்டியிட்டுக் கொள்ளாதது, மண்ணிற்கு உரமூட்டுவது. அதன் அடியில் கம்பு நன்கு விளையும். இலை ஆட்டிற்கும் ஒட்டகத்திற்கும் தழையுணவு. 'சாங்கரி' எனப்படும் காய் மக்களுக்குக் கறியுணவு. பஞ்சக் காலத்தில் பட்டையையும் இடித்து மாவாக்கி உண்டனர். இம்மரத்தை வெட்டுவோன் ஒருநாள் விறகு பெறுகின்றான். பல தலைமுறைக்கு உரிய உணவை இழக்கின்றான். ஜாம்போஜியின் விதி இக்கணக்கை அறமாக்கியது. கணக்கு மறக்கப்படலாம், அறம் எளிதில் மறக்கப்படுவதில்லை.

விறகு அரிதாகிய நிலத்தில் இறந்தோரை எரித்தலும் பெருஞ்செலவே. பிஷ்ணோயி மக்கள் பெரும்பாலும் இறந்தோரைப் புதைக்கும் வழக்கினர். 1536 இல் ஜாம்போஜி மறைந்தபோது அவரையும் புதைத்தனர். முகாம் என்னும் ஊரில் உள்ள அவ்விடமே இன்று அவர்தம் தலைமைத் திருத்தலமாகும். பங்குனித் திங்களை ஒட்டிய அமாவாசையிலும் ஐப்பசியை ஒட்டிய அமாவாசையிலும் அங்கே பெருவிழா நிகழ்கின்றது. அவர் அருளிய மொழிகள் 'சபத்வாணி' என்னும் தொகுப்பாக ஓதப்படுகின்றன.

கேஜர்லி நிகழ்ச்சி

விதி ஏட்டில் இருத்தல் வேறு. அதற்காக உயிர் நீத்தல் வேறு. பின்னதற்குச் சான்றாக நிற்பது 1730 ஆம் ஆண்டு கேஜர்லியில் நிகழ்ந்த கொலை. ஜோத்பூரின் தென்கிழக்கே ஏறத்தாழ 26 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது இவ்வூர். வன்னி மிகுதியால் பெற்ற பெயர் இது. அக்காலத்து மார்வார் மன்னர் அபயசிங். புதிய அரண்மனைக் கட்டடத்திற்கு வேண்டிய சுண்ணாம்பைச் சுடுதற்கு விறகு தேவைப்பட்டது. அரசின் ஆள்கள் அமைச்சர் கிரிதர் பண்டாரியின் தலைமையில் கேஜர்லிக்கு வந்து வன்னி மரங்களை வெட்டத் தொடங்கினர். அமிர்தாதேவி என்னும் பெண்மணி முதலில் ஒரு மரத்தைத் தழுவி நின்று வெட்டுண்டார். அவர்தம் புதல்வியர் மூவரும் அவ்வாறே மாய்ந்தனர். செய்தி பரவவே பல ஊர்களிலிருந்தும் மக்கள் திரண்டு வந்து, ஒருவர் பின் ஒருவராய் மரங்களைத் தழுவி உயிர் நீத்தனர். அவ்வாறு மாய்ந்தோர் 363 பேர் என்பது மரபு. செய்தி அறிந்த மன்னர் வெட்டுதலை நிறுத்தி வருந்தினார் என்றும், பிஷ்ணோயி ஊர்களில் மரம் வெட்டுதலையும் வேட்டையையும் விலக்கிச் செப்பேடு அளித்தார் என்றும் கூறுவர்.

இந்நிகழ்ச்சியை நாம் பெரிதும் அறிவது பிஷ்ணோயி மக்களின் 'சாகி' எனப்படும் பாடல்களாலும் வாய்மொழியாலுமே ஆகும். இதனால் ஆராய்ச்சியாளர் சிலர் ஐயுறலாம். ஆயின் ஒன்று கருதத்தக்கது. அரசின் ஏடுகளை எழுதியவர் அரசின் மக்கள். மரம் வெட்டச் சென்று குடிமக்களைக் கொன்ற செய்தியை அவர்கள் பெருமையுடன் எழுதி வைப்பர் என எதிர்பார்த்தல் பொருந்தாது. மறுபுறம், மாய்ந்தோரின் வழித்தோன்றல்கள் ஆண்டுதோறும் பாத்திரபத வளர்பிறைத் தசமியன்று அவ்விடத்திலேயே கூடி, அந்நிகழ்ச்சியை நினைந்து வருகின்றனர். நம் நாட்டு நடுகற்களையும் அவற்றை ஒட்டிய ஊர்வழக்குகளையும் சான்றாகக் கொள்ளும் நாம், இத்தகைய தொடர்ச்சியான நினைவைச் சான்றன்று எனத் தள்ளுதல் முறையாகாது. எண்ணிக்கையில் மரபின் கை கலந்திருக்கலாம். நிகழ்ச்சியின் உட்கிடை அதனால் மாறுவதன்று.

தமிழ் இலக்கியம் பயில்வார்க்கு இந்நிகழ்ச்சி ஒரு தனிச் சிறப்புடையது. சங்க காலத்தில் மன்னர்தம் காவல்மரம் அரசின் அடையாளம். பகைவன் அதனை வெட்டுதலே அரசன் தோல்விக்கு அடையாளம். நன்னனது காவல் மாமரத்தினின்று நீரில் வீழ்ந்து மிதந்து வந்த காயை உண்டமைக்காக ஒரு பெண் கொலையுண்டாள் என்னும் செய்தியைக் குறுந்தொகையில் காண்கின்றோம். அங்கே மரம் அரசனுடையது. அதற்காகப் பெண்ணைக் கொன்றவனும் அரசன். கேஜர்லியில் மரம் ஊருடையது. அதனை வெட்ட வந்தவர் அரசனின் ஆள்கள். அதற்காகத் தாமே உயிர் கொடுத்தவள் ஒரு பெண். ஆனிரை மீட்டு மாய்ந்த நம் நடுகல் வீரர் படைக்கலம் ஏந்தியவர். அவரைப் போன்றே ஆனிரை காத்து மாய்ந்த வீரரை இராஜஸ்தானும் தெய்வமாக்கி வழிபடுகின்றது. கேஜர்லியில் மாய்ந்தோரோ படைக்கலம் ஏந்தாதவர். மரத்திற்கும் மண்ணிற்கும் உரிமை பூண்டவர் யார் என்னும் வினாவிற்கு, அரசனே என்பது ஒரு விடை. அதனோடு வாழும் ஊரே என்பது மற்றொரு விடை. பின்னைய விடை குருதியால் எழுதப்பட்ட இடம் கேஜர்லி.

வேட்டைக் காவலும் ஊர்க் காவலும்

விலங்குகளைக் காத்தவர் ஊரார் மட்டும் அல்லர், அரசரும் காத்தனர். ஆயின் அவர்தம் காவல் வேட்டைக்கு உரிய காவல். இரலைகள் மிக்குள்ள தால் சாப்பர் என்னும் புல்வெளி முன்னர்ப் பிகானேர் மன்னர்களின் வேட்டை வெளியாக இருந்தது. இன்று அஃது அரசு காக்கும் புகலிடமாகியுள்ளது. கஜ்னேரில் ஆங்கில ஆட்சியாளர்க்கு விருந்தாகப் பறவை வேட்டைகள் நிகழ்ந்தன. வேட்டைக் காவல், வேட்டுவனுக்கு உரிமை போனவுடன் முடிந்துவிடும். ஊர்க் காவலோ அரசு மாறியும் மாறவில்லை. வயலில் மேயும் மானை விரட்டாது விடுதல், கோடையில் நீர்த்தொட்டி அமைத்தல், தாயிழந்த மான்கன்றை வீட்டில் வளர்த்தல் ஆகியன இன்றும் அவ்வூர்களில் உண்டு. மான்கன்றிற்குத் தாய்மார் தம் மார்பின் பாலை ஊட்டும் ஒளிப்படங்களும் உள.

விடுதலை பெற்ற இந்தியா 1972 இல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இயற்றியது; இரலையும் சிங்காரா எனப்படும் சிறுமானும் அதன் முதல் அட்டவணையில் இடம்பெற்றுள்ளன. இராஜஸ்தான் அரசு சிங்காராவை மாநில விலங்காகவும், 1983 இல் வன்னியை மாநில மரமாகவும் கொண்டது. சட்டம் உயிர்பெற்று நிற்பது வழக்கினால் என்பதற்கு 1998 இல் நிகழ்ந்த செய்தி சான்று. ஜோத்பூரை அடுத்த காங்காணி என்னும் ஊரில் இரலைகள் சுடப்பட்டன. புகழ்மிக்க திரைப்பட நடிகர் ஒருவர்மீது பிஷ்ணோயி மக்கள் முறையிட்டனர். இருபதாண்டு விடாது நின்றனர். 2018 இல் ஜோத்பூர் நீதிமன்றம் அவர்க்கு ஐந்தாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. அதன்மேல் அவர் முறையீடு செய்துள்ளார். 2013 இல் நடுவணரசு செப்டம்பர் 11 ஆம் நாளை வனக்காவலில் உயிர் நீத்தோர் நினைவுநாளாக அறிவித்தது, கேஜர்லியை உட்கொண்டேயாம்.

காண வருவோர் காண்பதும் காணாததும்

இனிக் காண வருவோர் பற்றிக் கூறுதும். அவர்தம் வருகையால் ஊரார்க்குப் பொருள் வருவாய் உண்டு. மான் உயிருடன் இருத்தல் பயன் தருவது என்பதைப் பிறரும் உணர்கின்றனர். இந்நன்மை மறுக்கற்பாலதன்று. ஆயின் காட்சிக்கென அமைக்கப்படும் பண்பாடு எத்தகையது என்பது ஆராயத்தக்கது. பிஷ்ணோயி ஊர்களைக் காட்டும் செலவுகள் பலவற்றில், அபினை நீரில் கரைத்து வடித்து உள்ளங்கையில் ஏந்தி விருந்தினர்க்கு அளிக்கும் சடங்கு ஒன்று காட்டப்படுகின்றது. அது மார்வாரில் இராசபுத்திரர் முதலிய பிற குடியினரிடம் வழங்கிய பழைய விருந்து முறை என்பது உண்மை. ஆயின் அபின் விலக்குதல் ஜாம்போஜியின் இருபத்தொன்பது விதிகளுள் ஒன்று. பிஷ்ணோயி மரபைக் காண வந்தவர்க்கு, அம்மரபு விலக்கிய ஒன்றே அம்மரபாகக் காட்டப்படுகின்றது! விலங்கையும் பண்பாட்டையும் பிரித்துக் காண்பதன் விளைவு இது. எந்த நெறியால் மான் பிழைத்ததோ அந்நெறி மறைந்து, கண்ணிற்குப் புதுமையாகிய சடங்கு அதன் இடத்தைக் கொள்கின்றது.

பறவைகளிடத்தும் இவ்வாறே. மத்திய ஆசியாவினின்றும் மங்கோலியாவினின்றும் குளிர்காலத்தில் வரும் குர்ஜான் என்னும் கொக்கினப் பறவைகள் குடா ஏரியில் இறங்குகின்றன. பலோதியை அடுத்த கீசன் என்னும் ஊரில் சமணக் குடியினர் தலைமையில் ஊரார் அவற்றிற்கு நாள்தோறும் தானியம் இடுகின்றனர். அவ்வூர் 2025 இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. காண்போர் ஆயிரக்கணக்கான பறவைகளைப் படம் எடுத்துச் செல்கின்றனர். பொருள்வயின் பிரிந்த கணவனிடம் தூது செல்லுமாறு குர்ஜானை மனைவி வேண்டும் நாட்டுப்பாடல்கள் மார்வாரில் உண்டு என்பதை அறிவார் சிலரே. வாணிகத்திற்காக ஆடவர் நெடுந்தொலைவு சென்ற நாடு அது. பிரிந்தோரை எண்ணி ஆற்றியிருக்கும் மகளிர்க்கு அப்பறவையின் வரவு ஒரு செய்தி. நாரைவிடு தூது கற்ற நமக்கு அதனை விளக்கிக் கூற வேண்டுவதில்லை.

மான்களுக்கு இன்று துப்பாக்கியினும் வேறு பகைகள் பெருகியுள்ளன. வயல்களைச் சூழ்ந்த முள்கம்பி வேலியில் சிக்கியும், கூட்டமாகத் திரியும் நாய்களால் கடியுண்டும் பல இறக்கின்றன. அண்மை ஆண்டுகளில் பிகானேர், பலோதிப் பகுதிகளில் கதிரொளி மின்நிலையங்கள் அமைக்க வன்னி மரங்கள் வெட்டப்படுதலை எதிர்த்துப் பிஷ்ணோயி மக்கள் கிளர்ச்சி செய்தனர். அன்று அரண்மனைச் சுண்ணாம்பிற்கு வேண்டப்பட்ட நிலம் இன்று மின்னாற்றலுக்கு வேண்டப்படுகின்றது. மின்னாற்றல் நாட்டிற்குத் தேவையே. ஆயினும் வெறுவெளி எனக் கணக்கில் எழுதப்படும் அந்நிலம் வெறுவெளியன்று என்பதே அம்மக்கள் ஐந்து நூற்றாண்டுகளாகக் கூறிவரும் செய்தி.

முடிவுரை

இக்கட்டுரையாளர் அவ்வூர்களுள் ஒன்றிற்குச் சென்றிருந்த காலை, வழியருகே நின்ற மரம் ஒன்றைக் கண்டு, இஃது எங்கள் நாட்டில் வன்னி எனப்படும், கோயில்களில் வைத்து வழிபடுவோம் என உடன் வந்தவர் வாயிலாக ஒரு முதியவர்க்குக் கூற நேர்ந்தது. அவர் மகிழ்ந்தார். பின்னர், "கோயிலுக்கு வெளியே நிற்பதை என்ன செய்வீர்கள்?" என்று வினவினார். அவ்வினாவிற்கு அன்று விடை கூற இயலவில்லை.

மார்வார்ப் பிஷ்ணோயி ஊர்களின் வரலாறு நமக்கு உணர்த்துவது இதுவே. முல்லை திரிந்து பாலையாவது கதிரவன் வெம்மையால் மட்டும் அன்று; மக்களின் செயலாலும் ஆகும். அவ்வாறு திரியாது காத்தலும் மக்களின் செயலே. நம் புலவர் திணையாக வகுத்துப் பாடிய ஒன்றனை, அந்நாட்டு எளிய மக்கள் விதியாக வகுத்து வாழ்ந்தனர். அங்குச் சென்று மானைக் காண்போர், மானைக் காத்த விதியையும், விதியைக் காத்த உயிர்களையும் உடன் காண்பாராயின், அவர் சென்ற செலவு பயனுடையதாகும். திணைக் கோட்பாட்டை ஏட்டளவில் பயிலும் நம் மாணவர்க்கும் அம்முதியவரின் வினா உரியதேயாம்.